அரை மணித்தியாலக் காவல்காரன்

நனைந்த கிடுகுக் கூரைக்குக் கீழே, ஈர விறகின் புகையோடு கருவாடு சுடுகிற மணம் வந்தால் மற்றவர்களுக்கு வாய் ஊறும். எனக்கு எழும்பி ஓடவேண்டும் போலிருக்கும். இது தெரிந்த என் மனைவி, மாரி காலத்தில் கருவாடு சுடுவதென்றால் ஏதாவது ஒரு சாட்டுச் சொல்லி என்னைக் கடைக்கு அனுப்பிவிட்டுத்தான் அடுப்பை மூட்டுவாள். திரும்பி வரும்போது மணம் கூரையில் தொங்கிக்கொண்டிருக்கும். நானும் மணக்கவில்லை என்பது போல நடிப்பேன்.

அந்த மணத்துக்குப் பின்னால் ஓர் ஊர் இருக்கிறது. முல்லைத்தீவுக் கரையில், முன்பக்கம் கடலும் பின்பக்கம் களப்புமாக, இரண்டு தண்ணீருக்கும் நடுவில் கால் நீட்டிப் படுத்திருந்த சின்ன ஊர். பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் அந்த ஊர்க்காரர் யாராவது, நாற்பது வருடம் கழிந்த பிறகும், தடியோடு என் வீட்டுப் படலைக்கு வந்து நிற்கலாம் என்று ஒரு பயம். பயப்படுவதில் எனக்கு நிகர் நான்தான். வாழ்க்கையில் வேறு எந்த வேலையையும் இவ்வளவு ஒழுங்காகச் செய்தவன் அல்ல.

நாங்கள் உடையார்கட்டில் வயல் செய்த குடும்பம். குளத்துக்குக் கீழே காணி கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒரு மண்வெட்டியோடும் ஒரு கதிரையோடும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர் அப்பா. மண்வெட்டிகள் தேயத் தேய மாறின. கதிரை மட்டும் கடைசிவரை புதிதாகவே இருந்தது, அதில் இருக்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. மாசியில் அறுப்பு வந்தால் கடற்கரைப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வேலைக்கு வருவார்கள். அப்படி வந்தவர்தான் செபமாலை மாமா. வலை இழுத்து இழுத்துத் தோள் இரண்டும் பனங்காய் மாதிரித் திரண்டிருந்த மனிதர், அரிவாள் பிடிக்கத் தெரியாமல் முதல் நாளே விரலை வெட்டிக்கொண்டார். அப்பா தன் சால்வையைக் கிழித்துக் கட்டிவிட்டார். சால்வையைக் கிழித்ததற்கு அம்மா ஒரு கிழமை ஏசினார். சிநேகிதம் அதற்கும் மேலே பல வருடம் நின்றது. அப்பா அவரைக் "கடலார்" என்பார், அவர் அப்பாவைக் "கமக்காரர்" என்பார். ஒருவரை மற்றவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை.

இருவரும் ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்கள். அறுப்புக்கு மாமாவும் அவர் மனைவி திரேசா மாமியும் எங்கள் வீட்டில் வந்து நிற்பார்கள். மார்கழியில் பள்ளிக்கூடம் விட்டதும் அப்பா, அம்மா, நான், மூவரும் அவர்கள் வீட்டில் போய் நிற்போம். அதாவது, உலகத்தில் எல்லோரும் கோடையில் பார்க்கப் போகிற கடலை நாங்கள் அடைமழையில் பார்க்கப் போகிற குடும்பம். பஸ்ஸில் ஏறும்போதே கொண்டக்டர் சிரிப்பார்.

"கோடையிலை போனால் கடலைப் பாக்கலாம். இப்ப என்னத்தைப் பாக்கப் போறியள்?"

"புல்லும் பிடுங்கியாச்சு, உரமும் எறிஞ்சாச்சு," என்பார் அப்பா. "இனி மழை தன்ரை வேலையைப் பாக்கட்டும், நாங்கள் எங்கடை வேலையைப் பாப்பம்."

எங்கள் வேலை என்று அவர் சொன்னது, செபமாலை மாமா வீட்டில் சும்மா இருப்பதை. சும்மா இருப்பதற்கு அந்த ஊரைவிடத் தோதான இடம் கிடையாது. வாடைக்காற்று தொடங்கியதும் கடல் எழும்பி நின்று ஒருவரையும் கிட்ட வரவிடாது. வள்ளங்களைக் கரையில் ஏற்றிக் கவிழ்த்துவிட்டு, ஆண்கள் ஓலைக் குடிலான வாடிகளுக்குள் பாயைப் போட்டு "முன்னூற்றிநாலு" என்ற சீட்டாட்டம் விளையாடிக்கொண்டிருப்பார்கள். தோற்றவன் காதில் வலையின் ஈயக்குண்டைத் தொங்கவிட்டுக்கொண்டு அடுத்த ஆட்டம் முடியும்வரை இருக்கவேண்டும். பெண்கள் அடுப்படியில் கருவாடு சுட்டுக்கொண்டு, ஒரு வாடியிலிருந்து மற்ற வாடிக்குக் கேட்கிற மாதிரிக் கதைத்துக்கொண்டிருப்பார்கள். மழை விட்டால் ஒருவர் எழும்பி வெளியே வந்து வானத்தைப் பார்ப்பார். பிறகு போய்ப் படுப்பார். அவசரம் என்ற ஒன்று அங்கே பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தால், அது என்னோடுதான் இறங்கியிருக்கவேண்டும்.

எனக்கு அங்கே எல்லாமே பயம். இடி விழுந்தால் பயம், விழாவிட்டால் எப்போது விழும் என்று பயம். நண்டு நேராக வராமல் பக்கவாட்டில் வருவது, ஏமாற்றிக் கடிப்பதற்கான தந்திரம் என்று நினைத்தேன். கடலின் இரைச்சல் கூடினால் கடல் எழும்பி வருகிறது என்று நினைப்பேன், குறைந்தால் பதுங்கி வருகிறது என்று நினைப்பேன். திரேசா மாமி தேத்தண்ணி தரும்போதெல்லாம் அம்மாவிடம் சொல்லிச் சிரிப்பார்: "அக்கா, உங்கடை மோன் பயப்பிடுறதுக்கெண்டே பஸ் ஏறி வந்தவன்." நானும் சிரிப்பேன். சிரித்தால் பயம் வெளியே தெரியாது என்பதை ஒன்பது வயதிலேயே கண்டுபிடித்திருந்தேன். இன்றைக்கும் அதுதான் என் பிழைப்பு.

அந்தச் சோம்பேறி ஊரில் மாரியில் வேலை இருந்த ஒரே மனிதர் செபமாலை மாமா. ஊரின் தெற்கு முனையில் களப்பையும் கடலையும் ஒரு மணல் திடல் பிரித்துக்கொண்டு கிடந்தது. அந்த இடத்துக்குத் "தொடுவாய்" என்று பெயர். கோடை முழுவதும் திடல் மேடாகக் கிடக்கும். மாரியில் ஆறும் வாய்க்காலும் கொண்டுவந்து கொட்டுகிற வெள்ளத்தில் களப்பு நிரம்பி நிரம்பி, கடலைவிட ஓர் ஆள் உயரத்துக்கு மேலே நிற்கும். அந்தத் தண்ணீருக்குள் இறால் வளரும். கடல் பூட்டிக்கிடக்கும் மாதங்களில் ஊருக்குச் சோறு போடுவது அந்த இறால்தான். நேரத்துக்கு முன்னே திடல் திறந்தால் விரல் நுனியளவு குஞ்சு இறால் எல்லாம் கடலுக்குப் போய்விடும். பிந்தித் திறந்தால் களப்பைச் சுற்றியுள்ள வயல்கள் தாழும். ஆகவே வயல்காரருக்கு முந்தி வெட்டவேண்டும், கடல்காரருக்குப் பிந்தி வெட்டவேண்டும். இரண்டு பகுதிக்கும் நடுவில் ஒரு கம்பு நின்றது. களப்புக்குள் நட்ட அந்தக் கம்பில் கத்தியால் மூன்று வெட்டுப் போட்டிருப்பார்கள். தண்ணீர் மூன்றாவது வெட்டுக்கு வந்த அடுத்த நாள் வயல்காரர் பானையோடு வந்து திடலில் பொங்குவார்கள், கடல்காரர் மண்வெட்டி பிடிப்பார்கள். ஒரு பக்கம் தேங்காய் உடையும், மறுபக்கம் மெழுகுதிரி எரியும். அதுவரைக்கும் திடலில் ஒருவரும் மண்ணைத் தொடக்கூடாது. அதைப் பார்க்கத்தான் காவல். ஊர் கூடி நம்பிக்கையான ஆள் ஒருவரிடம் அதைக் கொடுக்கும். நான்கு மாரியாக அந்த ஆள் மாமாதான்.

திடலில் நடப்பதற்கும் ஒரு முறை இருந்தது. பாதத்தை மண்ணில் உரசாமல், ஒவ்வொரு அடியையும் முழங்கால்வரை தூக்கித் தூக்கி வைக்கவேண்டும். சின்னப் பிள்ளைகளுக்குக்கூட அது பழக்கமாகியிருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் கொக்குக் கூட்டம் போவது போல இருக்கும். "காலைத் தூக்கி நட. திடலிலை கோடு விழப்படாது," என்று மாமா எனக்கு நூறு தரம் சொல்லியிருப்பார். ஏன் என்று கேட்க எனக்குப் பயம். சாமி குற்றம் ஏதோ என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். வயல்வெளியில் பிறந்தவனுக்கு வரம்பு என்பது களிமண். மாடு ஏறி நடந்தாலும் அசையாது. மணலால் ஒரு வரம்பு இருக்கும் என்பதும், அது எவ்வளவு பொய்யான வரம்பு என்பதும் எனக்கு எப்படித் தெரியும்?

அன்றைக்குக் காலையோடு மழை விட்டிருந்தது. காற்றும் விழுந்து, மாரிக்கு வழக்கமில்லாத மாதிரிக் கடல் எண்ணெய் ஊற்றியது போலக் கிடந்தது. தண்ணீர் இரண்டாவது வெட்டைத் தாண்டியிருந்தது. இன்னும் பத்து நாள் பொறுத்தால் போதும் என்று ஆட்கள் கதைத்தார்கள். நானும் மாமாவும் காவல் கொட்டிலில் இருந்தோம். அம்மா எங்கள் வளவுப் பூசணிக்காயைப் பால் விட்டுச் சமைத்திருந்தார்; மீனைத் தவிர வேறு கறி கண்டறியாத மாமாவுக்கு அதில் பெரிய ஆசை. சோறு ஆறுகிறது என்று திரேசா மாமி இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டார்.

மாமா எழும்பிச் சாரத்தை மடித்துக் கட்டினார். "மருமோன், அரை மணித்தியாலம் காவல் உன்ரை. மண்வெட்டியோடை ஆரும் வந்தால் கூக்காட்டு, நான் ஓடி வாறன்."

"ஓம் மாமா."

"பயமோ?"

"இல்லை மாமா."

"பயமில்லாமல் காவல் காக்கேலாது. கொஞ்சம் பயப்பிடு," என்று சொல்லிச் சிரித்துக்கொண்டு, கொக்கு மாதிரிக் காலைத் தூக்கி வைத்துப் போனார்.

என்னை நம்பி ஒருவர் ஒரு பொறுப்பைத் தந்தது அதுதான் முதல் தரம். இடுப்பில் கை வைத்து நாலு திசையும் பார்த்தேன். மண்வெட்டியோடு ஒருவரும் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் எனக்கு அது மனக்குறையாகிவிட்டது. யாராவது வந்தால்தானே காவல்காரன். கொட்டிலடியில் ஒரு காய்ந்த தென்னமட்டை கிடந்தது. காவல்காரனுக்கு வாகனம் வேண்டும் என்று தோன்றியது. மட்டையின் அடியைப் பிடித்துக் கொட்டிலிலிருந்து இழுத்துக்கொண்டு வந்தேன். அதுதான் முல்லைத்தீவு பஸ். களப்போரத்தில் தண்ணீர் தொடுகிற இடம் பஸ் நிலையம். அங்கே ஆட்களை ஏற்றி, மணியடித்து, திடலின் பதிந்து தாழ்ந்த இடத்தால் குறுக்கே, கடல் பக்கச் சரிவுவரைக்கும் ஓட்டினேன். காலை மட்டும் கவனமாகத் தூக்கித் தூக்கி வைத்தேன். மாமா சொன்ன கட்டளையை நான் ஒருபோதும் மீறியவன் அல்ல. கால் கோடு போடவில்லை. மட்டைதான் போட்டது.

சரிவில் நின்று திரும்பிப் பார்த்தேன். மட்டை கீறிய தடத்தால், களப்புத் தண்ணீர் ஒரு விரல் அகலத்தில், என் பின்னால் நாய்க்குட்டி மாதிரி வந்துகொண்டிருந்தது.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நான் போகிற இடத்துக்கு ஒரு ஆறு வருகிறது. அது என் காலடிக்கு வந்து, சரிவில் இறங்கி, கடலைத் தொட்டது. கைதட்டினேன். விரல் அகலம் இருந்தது கை அகலமாகும்வரை கைதட்டினேன் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு இரண்டு பக்கத்து மணலும் துண்டு துண்டாக, பாண் பிய்த்த மாதிரி, விழத் தொடங்கியது.

மண்ணை அள்ளிப் போட்டேன். தண்ணீர் அதை நன்றியோடு வாங்கிக்கொண்டு போனது. மட்டையைக் குறுக்கே வைத்தேன்; மட்டை கடலுக்குப் போனது. மாமா கூக்காட்டச் சொன்னது மண்வெட்டியோடு வருகிறவனைக் கண்டால்தானே. தென்னமட்டையோடு வந்த நானே என்னைக் கண்டு எப்படிக் கூக்காட்டுவது? கடைசியில், வன்னியின் வரலாற்றில் வேறு எவரும் கையாண்டிராத ஒரு வழியைக் கையாண்டேன். வாய்க்காலுக்குள் இறங்கி, களப்புக்கு முதுகைக் காட்டி, என் பின்பக்கத்தால் அதை அடைத்துக்கொண்டு இருந்தேன். ஒரு கணம், ஒரேயொரு கணம், தண்ணீர் நின்றது. அந்தக் கணத்தில் நான் அடைந்த பெருமையை அதற்குப் பிறகு எந்தப் பரீட்சையிலும் அடைந்ததில்லை. அடுத்த கணம் அது என்னைத் தூக்கிச் சரிவில் உருட்டிவிட்டது. பித்தான் தெறித்து, அப்பா தீபாவளிக்குத் தைப்பித்துத் தந்த நீலக் காற்சட்டை கழன்று, மட்டைக்குப் பின்னால் கடலுக்குப் போனது. நான் போகாதது அதிசயம். அடம்பன் கொடியில் கை மாட்டிக்கொண்டது.

சட்டையைக் கீழே இழுத்துப் பிடித்தபடி தாழைப் பற்றைகளுக்குள்ளால் ஓடி, பின்பக்கத்தால் வீட்டுக்குள் புகுந்து, வேறு காற்சட்டை போட்டுக்கொண்டு பாய்க்குள் சுருண்டேன். முன்பக்கம் மாமா பூசணிக்காயைப் புகழ்ந்துகொண்டிருந்தது கேட்டது. பிறகு ஓர் இரைச்சல் கேட்டது. அது கடலின் இரைச்சல் அல்ல. இவ்வளவு நாளும் கடல் இரைந்ததற்கெல்லாம் பயந்தேனே, களப்பு இரைவதைக் கேட்டபோதுதான் தெரிந்தது, கடல் பாவம்.

"தொடுவாய் உடைஞ்சு போட்டுதடா," என்று யாரோ கத்திக்கொண்டு ஓடினார்கள். வாடிகளிலிருந்து எல்லோரும் ஓடினார்கள். காதில் ஈயக்குண்டு தொங்க ஒருவர் ஓடியது இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. மாமா கை கழுவவில்லை.

அந்தியாவதற்குள் அந்த வாய் ஒரு வீட்டை விழுங்குகிற அளவுக்கு அகன்றுவிட்டது. ஊர் முழுவதும் கரையில் நின்றது. மண்ணிறமான தண்ணீர் கடலுக்குள் போய்க்கொண்டே இருந்தது. அதற்குள் என்ன போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்தது. சில பெண்கள் சீலைத் தலைப்பை விரித்துக் கரையோரத்தில் இறாலை அள்ளப் பார்த்தார்கள். கையில் வந்தவை அரிசியளவு இருந்தன. அவர்களே அவற்றைத் திரும்பத் தண்ணீரில் விட்டார்கள்.

அடுத்த நாள் காலை பூவரச மரத்தடியில் கூட்டம் நடந்தது. ஊரின் பெரிய வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியார் நடுவில் ஒரு கவிழ்த்த கூடையில் இருந்தார். நான் அம்மாவின் சீலைக்குப் பின்னால் நின்றேன்.

"செபமாலை, நேற்றுக் கடல் குளம் மாதிரிக் கிடந்தது. கடல் உடைச்சதெண்டு எனக்குச் சொல்லாதை," என்றார் சம்மாட்டியார்.

"கடல்தான் உடைச்சது," என்றார் மாமா.

"நீ எங்கை நிண்டனி?"

"கொட்டிலுக்கை நிண்டனான்."

பின்வரிசையில் ஒருவர் தலையைச் சொறிந்தபடி சொன்னார்: "வீட்டிலை வயல்காரர் விருந்து. கமக்காரற்றை வயல் நனையப்படாதெண்டு கடலார் ஒரு கை குடுத்திருப்பார்."

அப்பாவுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன். "என்ரை வயல் உடையார்கட்டிலை கிடக்கு. பத்துப் பன்ரண்டு கட்டைக்கு அங்காலை. இந்தத் தண்ணிக்கும் அதுக்கும் என்ன கதை?"

"வயல்காரர் எண்டால் எல்லாரும் ஒண்டுதான், அண்ணை."

இப்போது சொல்லவேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. ஒரு சின்னப் பிள்ளை விளையாடித் திறந்துவிட்டது என்றால் ஊர் ஏசும். ஆனால் மாமா ஊரை விற்றவர் என்ற சொல் நீங்கும். அம்மாவின் சீலையை விலக்கிக்கொண்டு ஓர் அடி முன்னே வந்தேன். வாயைத் திறந்தேன். விக்கல் வந்தது. இன்னொரு தரம் திறந்தேன், இன்னொரு விக்கல். அந்தக் கூட்டத்தில், அவ்வளவு மௌனத்தில், என் விக்கல் தவளை கத்துகிற மாதிரிக் கேட்டது. இரண்டொருவர் சிரித்தும்விட்டார்கள்.

"அந்தப் பெடியனுக்குத் தண்ணி குடுங்கோ," என்றார் சம்மாட்டியார்.

செபமாலை மாமாதான் எழும்பிச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். எனக்கு முன்னால் குந்தி, செம்பை என் வாயில் வைத்து, என் கண்ணைப் பார்த்தார். "குடி. கதையாதை. விக்கல் எடுக்கேக்கை கதைக்கப்படாது," என்றார். நான் குடித்தேன். சொல்லவேண்டியதையும் தண்ணீரோடு சேர்த்து விழுங்கினேன். விக்கல் நின்றுவிட்டது. சொல்வதற்கு இனித் தடையில்லை என்றபோது, சொல்வதற்கான துணிவும் அதனோடு போயிருந்தது.

மூன்று மாரிக்குச் செபமாலையின் வலை களப்பில் விழக்கூடாது என்று தீர்த்தார்கள். காவல் வேறொருவரிடம் போனது. மாமா ஓம் என்று தலையசைத்துவிட்டு, வாடிக்குள் போய்த் தன் வலையை மடித்துக் கட்டினார். அடுத்த பஸ்ஸில் எங்களை ஏற்றிவிட அவர் வந்தார். "கமக்காரர், அறுப்புக்குப் பாப்பம்," என்றார். அப்பா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டே நின்றதில் பஸ் பிந்தியது. கொண்டக்டர் பகிடி ஒன்றும் விடவில்லை.

வீட்டுக்கு வந்து பையைக் குலைத்த அம்மா, அடியிலிருந்து என் நீலக் காற்சட்டையை எடுத்தார். நல்ல தண்ணீரில் அலசி, காயவைத்து, நாலாக மடிக்கப்பட்டிருந்தது. "திரேசா எவ்வளவு துப்புரவா மடிச்சு வைச்சிருக்கிறா, பாருங்கோ," என்று அப்பாவுக்குக் காட்டினார். கடலுக்குப் போன காற்சட்டை அது. தெறித்த பித்தானின் இடத்தில் வலை நூலால் ஒரு முடிச்சுப் போடப்பட்டிருந்தது. வலை பொத்துகிற ஆணின் கைமுடிச்சு. பெண்கள் அப்படிப் போடுவதில்லை. கூட்டத்துக்கு முன்னால், விடியற்காலையில், அலை அதைக் கரையில் கொண்டுவந்து போட்டிருக்கவேண்டும். எல்லாம் தெரிந்துகொண்டுதான் அவர் கடல் உடைத்தது என்று சொன்னார். எல்லாம் தெரிந்துகொண்டுதான் எனக்குத் தண்ணீர் தந்தார்.

மாசியில் அவர்கள் அறுப்புக்கு வரவில்லை. அப்பா ஒருமுறை தனியே போய் வந்து, "கடலார் வேறை கரைக்குப் போட்டாராம்," என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு மாரியில் நாங்கள் எங்கும் போகவில்லை. தான் விருந்துக்குப் போய் நின்றபடியால்தான் சிநேகிதனின் பிழைப்புப் போனது என்ற எண்ணத்தோடு அப்பா வாழ்ந்தார், அதே எண்ணத்தோடு ஒரு நாள் கண்ணை மூடினார். சொல்ல எத்தனையோ மாலைகள் இருந்தன. ஒவ்வொரு முறையும் ஏதாவது பகிடி சொல்லி அவரைச் சிரிக்க வைத்துவிட்டு எழும்பிப் போய்விடுவேன்.

போரின் கடைசி மாதங்களில் உடையார்கட்டிலிருந்து கிழக்கே, இன்னும் கிழக்கே என்று தள்ளுப்பட்டு, களப்புக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல் துண்டில் நாங்கள் எல்லோரும் வந்து முடிந்தோம். அதைப்பற்றி எழுதத் தெரிந்தவர்கள் எழுதட்டும். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஒரு காலை, கஞ்சிக்கு நின்ற வரிசைக்கு அப்பால், ஒரு கிழவர் வாளியோடு மணலில் போய்க்கொண்டிருந்தார். ஒவ்வொரு அடியையும் முழங்கால்வரை தூக்கித் தூக்கி வைத்தார். எல்லோரும் குனிந்து ஓடுகிற இடத்தில் அவர் மட்டும் கொக்கு மாதிரி நடந்தார்.

நான் எங்கள் தறப்பாள் கூடாரத்துக்குள் தலையை இழுத்துக்கொண்டேன்.

"என்ன, செல் வருதோ?" என்று மனைவி பிள்ளையை அணைத்தபடி கேட்டாள்.

"இல்லை. தெரிஞ்ச ஆள் ஒருத்தர்."

அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் விளக்கவேண்டியதில்லை. வானத்திலிருந்து விழுகிற அவ்வளவுக்கும் நடுவில், காற்சட்டைக்கு முடிச்சுப் போட்டுத் தந்த ஒரு கிழவருக்குப் பயந்து ஒளித்தவன், அந்தக் கரையில் நான் ஒருவனாகத்தான் இருந்திருப்பேன். நாளைக்குக் காலையில் போய்ச் சொல்லுவம் என்று நினைத்தேன். சொல்லவேண்டிய வசனத்தைக்கூட ஆயத்தம் பண்ணினேன். அதில் ஒரு பகிடியும் இருந்தது.

அடுத்த நாள் அவர் போன பக்கம் போனேன். அங்கே தறப்பாள்கள் இருந்த இடத்தில் தறப்பாள்கள் இல்லை. ஒரு வாளி கவிழ்ந்து கிடந்தது. எல்லா வாளிகளும் ஒரே மாதிரித்தான் இருக்கும். அவர் அதற்கு முன்பே அங்கிருந்து போயிருக்கலாம். அவரோடு மாமி இருந்தாரா என்பதும் தெரியாது. பிறகு காணாமல்போனவர்களின் விபரம் பதிகிற இடத்தில் ஒரு படிவம் வாங்கினேன். பெயர் எழுதினேன். "உறவுமுறை" என்ற இடத்தில் பேனை நின்றுவிட்டது. மாமா என்றால், எந்த வழியில் மாமா என்று மேசையில் பதிந்துகொண்டிருந்த பெண்பிள்ளை கேட்டது. படிவத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். இன்னும் இருக்கிறது.

போன மார்கழியில், கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அந்த ஊருக்கு பஸ் ஏறினேன். கொஞ்சம் தகரக் கூரைகள் இருந்தன. பூவரச மரம் இல்லை. முன்னூற்றிநாலு விளையாடுகிற சத்தமோ கருவாட்டு மணமோ எங்கும் இல்லை. களப்புக்குள் வெட்டுப் போட்ட கம்பும் இல்லை, காவல் கொட்டிலும் இல்லை. தொடுவாயை எந்த நாள் வெட்டுவது என்று இப்போது அரசாங்கக் கந்தோரில் தீர்மானிக்கிறார்களாம். திடலில் மண் தோண்டுகிற மஞ்சள் பெக்கோ இயந்திரம் ஒன்று நின்றது. அதன் சாரதி, வவுனியா நெளுக்குளப் பக்கத்துப் பெடியன், சோற்றுப் பார்சலை மடியில் விரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஏன் அவனிடம் சொன்னேன் என்று தெரியவில்லை. அங்கே விழித்திருந்த ஒரே ஆள் அவன்; உதவியாள் பெக்கோச் சில்லில் சாய்ந்து நித்திரை.

"தம்பி, சின்ன வயசிலை இந்தத் தொடுவாயை ஒருக்கால் நான் உடைச்சனான். தென்னமட்டையாலை."

அவன் ஒரு பிடி சோற்றை விழுங்கினான். "அதுக்கென்ன அண்ணை, எப்பிடியும் வெட்டத்தானே வேணும்."

நாற்பது வருடம் சுமந்தது அவ்வளவுதான். ஒரு ஏச்சு இல்லை, தடி இல்லை. ஊரின் பெயரை எழுத இவ்வளவு பயந்தேனே, தாராளமாக எழுதியிருக்கலாம். கோபப்பட உரிமையுள்ள ஒருவரும் அங்கே மிச்சமில்லை.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ அண்ணை," என்று சொல்லிவிட்டு அவன் இயந்திரத்தை முடுக்கினான். ஒரே கோரலில் திடல் திறந்தது. நான் பஸ்ஸுக்குத் திரும்பினேன். ஈர மணலில் என் கால்கள் தாமாகவே தூக்கித் தூக்கி வைத்தன. பின்னால் சாரதி தன் உதவியாளிடம், "ஆளுக்கு முழங்கால் ஏலாது போலை," என்று சொன்னது கேட்டது. அந்த நடையைக் கண்டு தறப்பாளுக்குள் தலையை இழுத்துக்கொள்ள அந்தக் கரையில் ஒருவரும் இருக்கவில்லை.